பிறந்தநாள் மறக்காத மேலாளர்

நாட்காட்டியில் ஒரு குழந்தையின் பிறந்தநாள் நெருங்கிவிட்டால், ரைமோ காப்பிக் கோப்பையை ஓரமாக நகர்த்திவிட்டு அதன் தாயைத் தொலைபேசியில் அழைப்பார். எங்கள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் பணியாளர் மேலாளர் அவர். விடுப்பில் இருக்கும் பதினொரு தாய்மாரின் குழந்தைகளுக்கும் எந்த மாதம் பல் முளைத்தது என்பதுவரை அறிந்தவர்.

"ஒரு வயசுதானே ஆகுது? மூணு ஆகட்டும்மா. மெஷின் எங்க ஓடிப் போகுது?"

மூன்று வயதுவரை குழந்தையை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளப் பின்லாந்து அரசு உதவித்தொகை தருகிறது. அதைத் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தருவதைப் போலவே ரைமோ பேசுவார்.

என் மெஷின் எஸ்தோனியாவுக்குப் போனது. ஒன்பது ஆண்டுகள் நான் இயக்கிய வண்ண அச்சு எந்திரம். அது விற்கப்பட்டதை, என் மகள் ஹெல்காவின் இரண்டாம் பிறந்தநாளுக்கு வந்த, ஆகஸ்ட் 9 தேதியிட்ட வாழ்த்து அட்டையின் பின்புறத்தில் தெரிவித்திருந்தார். முன்புறத்தில் முயல் படம்.

விடுப்பில் இருப்பவருக்குச் சம்பளம் இல்லை; நிறுவனத்துக்கு ஆட்குறைப்பு என்ற பழியும் இல்லை. ஆர்டர்கள் குறையும் மாதங்களில்தான் ரைமோவுக்குத் தாய்மையின் மீது பக்தி பெருகுகிறது என்பதைத் தேதிகளை ஒப்பிட்டுத் தெரிந்துகொண்டேன். அவருடைய சொந்த மகன்கள் பத்தாம் மாதமே பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்துக்குச் சென்றவர்கள். கேட்டால், "அது வேற கதைம்மா. என் பொண்டாட்டி பல் டாக்டரு."

புதிய எந்திரத்துக்குப் பிப்ரவரியில் ஒரே ஒரு பயிற்சி என்று அறிவிப்பு வந்தது. தவறினால் பெட்டி மடிக்கும் பிரிவுதான். வேலைக்குத் திரும்புவதாக ஒரு மாதம் முன்னரே எழுதிக் கொடுத்தேன். பதில் இல்லை. கொட்டும் பனியில் நேரில் போனேன்.

சுகாதார மையச் செவிலியர் தந்த தாளை நின்றபடியே நீட்டினேன். ஹெல்காவின் பேச்சு வயதுக்குப் பின்தங்கியிருக்கிறது, மற்றக் குழந்தைகளோடு பழகுவது நல்லது என்று அதில் எழுதியிருந்தது.

"பேச்சு லேட்டா வந்தா என்னம்மா? நம்ம கம்பெனியில வாய் திறக்காதவங்கதான் நல்லா வேலை பாக்கிறாங்க."

"ரைமோ, பயிற்சிப் பட்டியல்ல என் பேரு இருக்கா, இல்லையா?"

"பட்டியல் போட்டாச்சேம்மா. இன்னும் ஆறு மாசம் பணம் வரும். அதை ஏன் விடுற?"

மற்ற ஆவணங்கள் நனையாதிருக்க, அவற்றை மேலங்கிக்குள் வைத்துப் பொத்தான் போட்டிருந்தேன். அப்போதுதான் என் வயிற்றருகே தெரிந்த புடைப்பை அவர் கவனித்தார். முகம் மலர்ந்தது. எழுந்தார், மேசையைச் சுற்றி வந்தார், நாற்காலியைத் தானே இழுத்து, கைக்குட்டையால் துடைத்து, நான் உட்காருவதற்காக அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.