வாசலுக்கு வெளியே விட்ட வார்த்தை

எங்கள் வீட்டுக்குள் கொஞ்ச காலம் "இன்ஷா அல்லாஹ்" என்று யாரும் சொல்லக் கூடாது என்றிருந்தது. நான் போட்ட சட்டம் அது. ஐந்து வேளை தொழுகிறவள், நோன்பை விடாதவள் இப்படி ஒரு சட்டம் போட்டாள் என்று வெளியில் தெரிந்திருந்தால் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். போர்ட் பிளேயர் பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்த என் வீட்டுக்காரர், கடையில் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்வார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்த வார்த்தையையும் கழற்றி வைத்துவிடுவார். என் வாய்க்குப் பயந்த மனுஷன்.

அல்லாஹ் நாடினால் என்பதுதான் அதன் அர்த்தம். நாளை என் கையில் இல்லை என்று ஒப்புக்கொள்கிற வார்த்தை. ஆனால் எங்கள் ஆட்கள் அதைப் புழங்குகிற லட்சணம் இருக்கிறதே! போக விருப்பமில்லாத விருந்துக்கு "இன்ஷா அல்லாஹ் வாறோம்." துணியையே இன்னும் வெட்டாத தையல்காரர் "இன்ஷா அல்லாஹ் வியாழக்கிழமை." முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லக் கூசுகிறவர்கள், அல்லாஹ்வை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் என் காக்கா சொன்னபோது நம்பினேன். கூடப்பிறந்த அண்ணன் அல்லவா.

சுனாமியின்போது நாங்கள் கடலோரத்தில் தாழ்வான ஒரு வீட்டில் குடியிருந்தோம். உயிர் தப்பியது, வீடு தப்பவில்லை. தரையே கீழே இறங்கிவிட்டது என்றார்கள். அதற்குப் பிறகு நீர் ஏறும்போதெல்லாம் கடல் எங்கள் அடுப்படி வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. குட்வில் எஸ்டேட்டில் மேட்டுப்பக்கமாக ஒரு தகரக்கூரை வீடு பிடித்துக் குடியேறினோம்.

மேட்டுக்கு வந்துவிட்டால் பயம் போய்விடுமா? மாதக்கணக்கில் பூமி ஆடிக்கொண்டேயிருந்தது. சில சமயம் லேசாக, சில சமயம் பாத்திரமெல்லாம் கிணுகிணுக்க. அலமாரி மேல் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் வைத்திருந்தேன். அது அசைகிறதா, அசையவில்லையா என்று பார்ப்பதே என் பிழைப்பானது. கதவருகில் துணிமணி கட்டிய பை. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போவேன், வாசலிலிருந்து தம்ளரைப் பார்க்க ஓடிவருவேன். "என்ன புள்ள, குட்டி போட்ட பூனை மாதிரி சுத்துறே? செத்த உக்காரு" என்பார் வீட்டுக்காரர். உட்கார்ந்தால் நாற்காலி ஆடுகிற மாதிரி இருக்கும். இந்தத் தீவே வேண்டாம், மெயின்லேண்டுக்குப் போய்விட வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு.

ஊரிலிருந்து காக்கா போனில் அழுதார். "இனி அங்க இருக்கவே கூடாது. நானே வந்து உங்க மூணு பேரையும் கூட்டிட்டு வாறேன். இங்க ஒரு கடை போட்டுக்கலாம்."

"நிசமா வருவீங்களா காக்கா?"

"என்னம்மா இப்புடிக் கேக்குற? இன்ஷா அல்லாஹ் அடுத்த கப்பல்ல வாறேன். ரெடியா இரு."

ரெடியாகத்தான் இருந்தேன். சென்னைக் கப்பல் வரும்போதெல்லாம் சின்னஞ்சிறு மகளையும் இழுத்துக்கொண்டு ஹேடோ ஜெட்டியில் போய் நின்றேன். ஊரில் உள்ள அண்ணன்மார் எல்லாரும் இறங்கினார்கள், என் அண்ணனைத் தவிர. திரும்பி வந்தால் பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் வேலிக்கு மேல் தலையை நீட்டி, "பையா நஹீ ஆயா?" என்பாள். அண்ணன் வரவில்லையா என்று அவள் பாசமாகத்தான் கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பயந்து நான் சுற்றுவழியில் வீட்டுக்கு வர ஆரம்பித்தேன்.

ஒருநாள் போன் செய்தபோது காக்காவின் மனைவி எடுத்தார். "அவுக ஊர்ல இல்லையேம்மா" என்றார். அவருக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். எங்கள் வாப்பாவின் செருமல் அது. அவர் மவுத்தாகிப் போய்ச் சேர்ந்த பிறகு உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் அது உண்டு, என் காக்காவுக்கு. "சரி மச்சி, வந்தா சொல்லுங்க" என்று வைத்துவிட்டேன். முடியாது என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு பாட்டம் அழுதுவிட்டு அடங்கியிருப்பேன். அடப்பாவி மனுஷா, நான் என்ன உங்கள் சொத்தையா கேட்டேன்! இன்றுவரை அவரும் வரவில்லை, நாங்களும் தீவை விட்டுப் போகவில்லை.

அந்தப் போனை வைத்த அன்றைக்குத்தான் அந்தச் சட்டம் போட்டேன். மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "யாராச்சும் இன்ஷா அல்லாஹ்ன்னு சொன்னா, செய்யமாட்டேன்னு அர்த்தம். நம்பாதே" என்றேன். அவள் பாடம் கேட்பது போலத் தலையாட்டினாள்.

கோபம் மனிதர்கள் மேல்தான், அல்லாஹ் மேல் இல்லை என்று சொல்லிக்கொண்டேன். பொய். தொழுகையில் நெற்றியைத் தரையில் வைக்கிற சுஜூதில் நான் அவனிடம் எதையும் கேட்கவில்லை. தரைக்குள் ஏதாவது உறுமுகிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தொழுகைப் பாயில் நான் பார்த்தது காவல் வேலை. அவனையும் காக்கா மாதிரியேதான் நினைத்திருக்கிறேன், உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொல்கிறவனாக. நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

பிறகொரு நாள் வீட்டுக்காரர் பாராடாங்கில் ஒரு கடைக்குப் பாத்திரம் கொண்டுபோனார். காட்டு ரோட்டில் வண்டிகளை வரிசையாகச் சேர்த்து அனுப்புகிற காலை கான்வாயில் போய், படகில் அக்கரை இறங்கி, சாயங்காலம் திரும்பிவிடுவதாக ஏற்பாடு. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு பூமி ஆடியது. தம்ளர் அலமாரியிலிருந்து விழுந்து உடைந்தது. மகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். தெருவே வெளியில் நின்றது. போன் கிடைக்கவில்லை. அந்தப் பக்கம் ஜெட்டி போய்விட்டதாம் என்றான் ஒருவன். இல்லை, ரோடு பிளந்துவிட்டதாம் என்றான் இன்னொருவன். வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்தேன். பொழுது சாய்ந்தது, அவர் வரவில்லை.

மகள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "உம்மா, வாப்பா இன்னிக்கு வந்துருவாங்களா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். எதை வைத்துச் சொல்வது? காக்காவும் எதையும் வைத்துக்கொள்ளாமல்தான் என்னிடம் சொன்னார். இல்லை என்று சொல்ல நாக்கு எழும்புமா? எனக்குத் தெரிந்த நிஜம் ஒன்றுதான் மிச்சமிருந்தது.

"இன்ஷா அல்லாஹ்" என்றேன்.

பிள்ளையின் முகம் கோணியது. "அப்ப வரமாட்டாங்களா?" என்று ஓவென்று அழுதாள்.

நான் சொல்லிக்கொடுத்த பாடம் அப்படியே திரும்பி வந்தது. அவளைக் கட்டிக்கொண்டேன். "இல்லடா தங்கம். உம்மா ஏமாத்துறதுக்குச் சொல்லல. வாப்பா எங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியாது. அல்லாஹ்வுக்குத் தெரியும். வா, அவன்கிட்டயே கேப்போம்."

பள்ளிவாசலில் மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். பாயை விரித்தேன், அவளும் பக்கத்தில் நின்றாள். நெற்றியைத் தரையில் வைத்தபோது மறுபடியும் லேசாக ஆடியது. கால் தானாகப் பையின் பக்கம் துடித்தது. நான் எழவில்லை. யா அல்லாஹ், என் கையில் ஒன்றுமில்லை, அவர் உன் கையில் இருக்கிறார் என்றேன். அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை. பயம் போய்விட்டது என்றெல்லாம் கதை விடமாட்டேன். பக்கத்தில் மகள், நான் எழுகிறேனா என்று ஓரக்கண்ணால் பார்த்தபடி தன் சின்ன நெற்றியை வைத்தபடியே இருந்தாள்.

எழுந்து உலை வைத்தேன். மூன்று பேருக்கு அரிசி போட்டேன். நாங்கள் இருவரும் சாப்பிட்டோம். அவருடைய சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தேன்.

மறுநாள் மதியம் சட்டையெல்லாம் செம்மண்ணாக வந்து நின்றார். "கான்வாயை பந்த் பண்ணிட்டான் புள்ள. ராத்திரி பூரா காடி சீட்டுலயே கெடந்தேன். பசி உயிர் போவுது." அந்தப் பழைய சோற்றைத்தான் வெங்காயத்தோடு எடுத்து வைத்தேன். அவர் பிசைந்துகொண்டிருக்கும்போதே மகள் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"வாப்பா, நாளைக்கும் ராத்திரி வீட்டுக்கு வந்துருவீங்களா?"

அவர் சோற்றுக் கையோடு என்னைப் பார்த்தார். "நாளைக்கு... வந்து..." என்று இழுத்தார். பாவம், வாசலில் கழற்றி வைத்த அந்த வார்த்தையைத் தவிர அவருக்கு வேறு கிடைக்கவில்லை.

"சொல்லுங்க மச்சான்" என்றேன்.

சொன்னார். மகள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் அழவில்லை.