சும்மா ஓட்ட ஒரு பின்சக்கர வண்டி

பழவேற்காட்டில் படகு எஞ்சின் மெக்கானிக்காகவே எனக்கு வயசாகிவிட்டது. டீசல் எஞ்சின், அவுட்போர்டு எஞ்சின், இடையில் டெம்போ, டிராக்டர் என்று எது வந்தாலும் பார்ப்பேன். ஸ்போர்ட்ஸ் கார் பார்த்தது மட்டும் ஒன்றே ஒன்று. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் அந்தக் கதையைத்தான் என்னிடம் கேட்கிறார்கள். கேட்டுவிட்டுப் பாதிப் பேர் புளுகு என்கிறார்கள். புளுகுகிற அளவுக்கு எனக்குக் கற்பனை இருந்திருந்தால் கிரீஸில் கை வைத்திருக்க மாட்டேன்.

1. மணலில் மாட்டிய கார்

ஒல்லாந்தர் கல்லறையைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் மெட்ராஸிலிருந்து ஆள் வரும். அப்படி வந்த ஒருவர் கல்லறையோடு நிறுத்தாமல், ஏரியையும் கிட்டே போய்ப் பார்க்கிறேன் என்று ரெண்டு சீட்டு கார் ஒன்றை மணலில் இறக்கிவிட்டார். வண்டி வயிறு தரையில் உட்கார்ந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டார்கள். நான் போகும்போது அங்கே ஏற்கெனவே தேசிங்கு பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தான்.

தேசிங்கு நண்டு வியாபாரி. ஏரியில் நண்டு பிடிக்கிறவர்களிடம் வாங்கிப் பொன்னேரிக்கு அனுப்புகிறவன். ஊரை ஒட்டிய குப்பத்தில் வீடு. ஐம்பதைத் தாண்டியவன், அதுவரைக்கும் யாரும் அவனைப் பைத்தியம் என்று சொன்னதில்லை.

காரின் பின்சக்கரம் சுற்றி அள்ளி வீசிய மணல் முழுவதும் அவன் முகத்தில். வாயிலிருந்த மண்ணைத் துப்பிவிட்டு என்னிடம் ஓடி வந்தான்.

"பாய், இது பின்னாடி சக்கரத்துல தள்ளுது பாய்!"

"ஆமா, ரியர் வீல் டிரைவ்."

"நம்ம போட்டு மாரி!"

எனக்குச் சிரிப்பு வந்தாலும், யோசித்தால் அவன் சொன்னது சரி. படகைத் தள்ளுகிற ஃபேன் பின்னால்தான் இருக்கும். முன்னால் இழுத்துக்கொண்டு போவது மாட்டு வண்டிதான் என்பது குப்பத்து நியாயம்.

பலகை போட்டு வண்டியை வெளியே எடுத்தோம். வெளியே வந்த சந்தோஷத்தில் அந்த மெட்ராஸ்காரர், ஏரி வற்றி இறுகிக் கிடந்த வெட்டவெளியில் ஒரு சுற்று சுற்றிக் காட்டினார். முன்பக்கம் நின்ற இடத்திலேயே நிற்க, பின்பக்கம் வழுக்கிக்கொண்டு வட்டமடித்தது. புழுதி அடங்கியபோது தேசிங்கு வாயைத் திறந்தபடி நின்றிருந்தான். மறுபடி மண் போயிருக்கும், அது அவனுக்குத் தெரியவில்லை.

2. "எதுக்கு?"

மறுநாளே கடைக்கு வந்துவிட்டான்.

"அந்த மாரி ஒண்ணு வேணும் பாய். பழசா இருந்தாலும் பரவால்ல. பின்னாடி தள்ளணும். கியர கையால மாத்தணும். கைக்கு அடங்குற வெலையா இருக்கணும்."

வண்டி வாங்க வருகிற எவரிடமும் அப்போதெல்லாம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். எதுக்கு? ஐஸ் பெட்டி ஏற்றவா, ஆள் ஏற்றவா, மகள் கல்யாணத்துக்கா? அதைத் தெரிந்துகொண்டால்தான் எஞ்சின், டயர், ஸ்பிரிங் எல்லாம் சொல்ல முடியும். அவனிடமும் கேட்டேன்.

"சும்மா" என்றான்.

"சும்மான்னா?"

"ஏரி வத்துன எடத்துல ஒரு சுத்து. அவ்ளோதான்."

என் அனுபவத்தில் இவ்வளவு தெளிவாகத் தேவையைச் சொன்ன கஸ்டமர் கிடையாது. ஆனாலும் எனக்கு அது தேவையாகவே தெரியவில்லை. மாலைக்குள் குப்பம் முழுக்க அவன் வீட்டு வாசலில் நின்று எதுக்கு என்று கேட்டது. அவன் பெண்சாதி அம்சா மட்டும் கேட்டுக் கேட்டு அலுத்து நேராக என் கடைக்கே வந்தாள். மார்க்கெட்டில் மீன் விற்கிறவள், குரலுக்குக் கேட்கவா வேண்டும்.

"இன்னா பாய், ரெண்டு சீட்டாமே? கூடைய எங்க வெக்கிறது? என் தலைலயா?"

"வெச்சா உன் மடியிலதான்மா வெக்கணும்."

"எதுக்கு அந்த வண்டி? நீயாவது சொல்லு."

"சும்மாவாம்."

"சும்மா இருக்கறதுக்கு ஊட்ல பாய் கீது. அதுக்கு எதுக்குக் கார்?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

3. பார்த்த வண்டிகள்

தேசிங்கு தன் பழைய படகை விற்ற காசோடு என்னை மெட்ராஸுக்கு அழைத்துக்கொண்டு போனான். கம்பெனிப் பெயர்களைச் சொல்லப் போவதில்லை, அவரவர் பிழைப்பு அவரவருக்கு.

முதல் வண்டி சிவப்பு. பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருந்தது, பின்னால் இறக்கை வேறு. விற்பவர் "பக்கா ஸ்போர்ட்ஸ் சார்" என்றார். தேசிங்கு நேராகப் போய்ப் பின்னால் குந்தி, முகத்தைச் சக்கரத்துக்குக் கிட்டே வைத்து, "இப்ப மண்ணுல உட்டு ரேஸ் குடு" என்றான். கொடுத்தார். முன்சக்கரம்தான் மண்ணை வாரியது. தேசிங்கு முகத்தைத் துடைத்துப் பார்த்தான், சுத்தமாக இருந்தது. "மாட்டு வண்டி" என்று எழுந்துவிட்டான்.

இரண்டாவது வண்டி நன்றாக மண் அடித்தது. முகமெல்லாம் மண்ணோடு சந்தோஷமாக உள்ளே ஏறி உட்கார்ந்து, இடது கையால் துழாவினான்.

"கியர் எங்க?"

"ஆட்டோமேட்டிக் சார். அதுவே மாத்திக்கும்."

"அப்ப எனக்கு இன்னா வேல?" என்று இறங்கிவிட்டான்.

மூன்றாவதை விற்றவர் வயதான மனிதர். வண்டி மிகவும் தாழ்வு. உள்ளே உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டியிருக்கிறது என்பதால் விற்கிறார். ரெண்டு சீட்டு, துணிக் கூரை, பின்சக்கர டிரைவ், கையால் மாற்றுகிற கியர். நான் என் வேலையைப் பார்த்தேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூணாவது கியரில் போட்டு கிளட்ச்சை விட்டேன். எஞ்சின் உடனே நின்றது. கிளட்ச் நல்ல கிளட்ச். ஓடும்போது ஆக்சிலரேட்டரை விட்டுக் காது கொடுத்தேன், டிஃபரென்ஷியலில் ஊளை இல்லை. டயரின் உள்பக்கத் தேய்மானம் ஒழுங்கு. அடியில் ஸ்க்ரூ டிரைவரால் தட்டியதில் ஒரே ஓரிடத்தில் துரு. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் பெயின்ட்டைப் பார்க்காமல் இந்த நான்கையும் பாருங்கள்.

தேசிங்கு தன் வேலையைப் பார்த்தான். பின்னால் தள்ளி நின்று ஒரு கண்ணை மூடி, வண்டி கோணலா என்று பார்த்தான். முட்டியால் பக்கமெல்லாம் தட்டினான். மோந்து பார்த்தான். பிறகு அந்தப் பெரியவரிடம், "ஐயா, எவ்ளோ தண்ணில நிக்கும்?" என்றான். அவருக்குப் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

பேர் மாற்றி, இன்ஷூரன்ஸ் போட்டு, வண்டியை எடுத்து வந்தோம்.

4. அடிக்கு எண்ணெய்

உப்புக் காற்றுக்கு இரும்பு தாங்காது. "பொன்னேரில அடியில ரப்பர் கோட்டிங் அடிச்சிரு" என்று தேசிங்கிடம் சொல்லிவிட்டு ஒரு அவுட்போர்டு வேலைக்குப் போய்விட்டேன். மரப்படகு காலத்திலிருந்து எங்கள் கரையில் அடிப்பலகைக்குப் பூசுவது சுறா எண்ணெய். அவன் பங்காளிகள் கூடிப் பேசி, ரப்பரை எவன் நம்புவான் என்று முடிவெடுத்து, காரின் அடி முழுக்கச் சுறா எண்ணெய் பூசிவிட்டார்கள். பாசத்தோடு பூசினார்கள், ஒரு மூலை விடவில்லை. பிரேக் டிஸ்க், பேடு உட்பட.

முதல் ஓட்டத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டினார்கள். நான் போய்ச் சேரும்போது வண்டி கிளம்பிவிட்டது. பின்னாலேயே குப்பத்துப் பூனைகள் அத்தனையும் ஊர்வலமாகப் போய்க்கொண்டிருந்தன. மேலே காக்கைகள். தேசிங்கு ராஜா மாதிரி கை காட்டிக்கொண்டே படகுத்துறைச் சரிவில் இறங்கினான். பிரேக்கை மிதித்தான். வண்டி அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

"நிறுத்துயா!" என்று நான் கத்தினேன்.

"நிக்க மாட்டேங்குது பாய்!"

நியாயமாகப் பயந்திருக்க வேண்டும், அவன் குரலில் பாதி குஷி. இரண்டு படகுகளுக்கு நடுவே நூல் பிடித்தாற்போல் போய், முழங்கால் ஆழத்தில் ஏரியில் நின்றது வண்டி. ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தான். பூனைகள் தண்ணீர் ஓரத்தில் நின்றுவிட்டன.

வடத்தைக் கட்டி இழுத்தோம். முதல் கை அம்சாவுடையது. "இழுங்கடா, பாத்துனு நிக்காதீங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் குப்பமே வடத்தைப் பிடித்தது. ஐலசா போட்டு வண்டியைக் கரையேற்றினோம். கதவைத் திறந்ததும் தண்ணீரோடு இரண்டு நண்டு இறங்கிப் போயின.

5. வடம் பிடித்தவர் பங்கு

இனிமேல் நடந்ததை வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். எங்கள் கரையில் ஒரு வழக்கம். ஏரியிலிருந்து வலை இழுக்கும்போது வடத்தில் கை வைத்தவனுக்கு மீனில் பங்கு உண்டு. அன்று சாயங்காலமே ஊர்த் தலைவர் பொன்னுரங்கத்திடம் ஒருத்தன் போய்க் கேட்டான்.

"வடம் புட்ச்சி ஏரிலருந்து இழுத்தமே, எங்க பங்கு இன்னா?"

சிரித்துவிட்டு விடுவார் என்று நினைத்தேன். பொன்னுரங்கம் விளையாட்டுக்குக்கூட வழக்கத்தை விட்டுக்கொடுக்காத மனுஷன். ஊரைக் கூட்டினார்.

"கார் ஏரில இருந்துச்சா?"

"இருந்துச்சி."

"வடம் போட்டு இழுத்தீங்களா?"

"இழுத்தோம்."

"அப்ப பங்குதான். ஆனா நாலு சக்கரத்தயும் கழட்டி நாலு ஊட்டுக்குக் குடுக்க முடியாது. பாடு போட்டுக்கலாம்."

பாடு என்பது முறை. ஏரியில் நல்ல மீன் கிடைக்கிற இடங்களுக்குக் குலுக்கல் போட்டு, இன்னாருக்கு இந்த முறை என்று பிரித்துக்கொள்வார்கள். பாடு கிடைத்தவன் தானே வலை போட வேண்டும், அடுத்தவனுக்கு மாற்றவோ விற்கவோ கூடாது. உதவிக்கு ஒரு கையாளை அழைத்துக்கொள்ளலாம்.

ஆர்.சி. புக்கில் பேர் தேசிங்குடையதுதான் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "புக்கு கவர்மெண்ட்டுக்கு, வடம் ஊருக்கு" என்றார் தலைவர். தேசிங்கும் அடுத்தவன் வலையை இழுத்து எத்தனையோ முறை பங்கு வாங்கியவன், எந்த முகத்தோடு பேசுவான்?

ஆளுக்கு ஒரு வாரம் என்று ஆம்பிளைகள் பேரைச் சீட்டில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கினார்கள். தேசிங்கு பேர் கடைசியில் வந்தது.

நான் வண்டியைப் பிரித்துக் காயவைத்து, பேடு மாற்றி, டிஸ்க்கைக் கழுவிக் கொடுத்தேன். முதல் பாடு வாங்கியவன் ஓட்டினால் தேயும் என்று குடும்பத்தோடு மாறி மாறி உள்ளே உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டான். அடுத்தவன் வாரம் முழுக்க ரிவர்ஸிலேயே போனான், முன் கியர் விழவில்லை என்று என்னிடம் புகார் வேறு. தலைவர் முறை வந்தபோது வண்டி நகரவே இல்லை. பானெட்டில் நெத்திலி காயவைத்தார். நன்றாகக் காய்ந்ததாம்.

தேசிங்கு என் கடைப் பலகையில் வந்து உட்கார்ந்து மேகத்தைப் பார்ப்பான்.

"என் மொற வர்றதுக்குள்ள மழ பூந்துரும் பாய். அந்த வெட்டவெளி ஏரியாப் பூடும். அப்புறம் எங்க சுத்தறது?"

வெளியில் சிரித்துக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்கு உள்ளே வலித்தது. ஒருத்தன் வாழ்க்கையில் ஒரே ஒரு சுற்று கேட்டான். அதற்கு ஊர் முழுக்க வரிசையில் நின்றுவிட்டது.

6. அம்சாவின் கேள்வி

அவன் பலகையில் அப்படி உட்கார்ந்திருப்பதை அம்சா தினமும் மார்க்கெட்டுக்குப் போகையில் பார்ப்பாள். ஒருநாள் கூடையை என் கடையில் இறக்கி வைத்துவிட்டு நேராகத் தலைவர் வீட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"அண்ணே, வடத்துல மொத கை யாருது?"

"உன்னுதுதான்மா. ஊரே பாத்துச்சே."

"அப்ப குடத்துல என் பேரு எங்க?"

"பொம்பளைங்க பேரு பாட்டுல போட்றது இல்லியே."

"அது வலைக்கு. கார் என்னைக்கு அண்ணே பாட்டுல இருந்துச்சி? நீதான போன மாசம் சேத்த?"

தலைவர் மீசையைத் தடவினார். "சரிம்மா, கடைசில எழுதிக்கிறேன்."

"கடைசில எப்டி? கணக்குல உட்டுப்போனவனுக்கு அடுத்த பாடுன்னு நீதான சொல்வ?"

அதுவும் வழக்கம்தான். வழக்கத்துக்கு எதிராக அவருக்குப் பேசத் தெரியாது. அடுத்த பாடு அம்சாவுக்கு.

என் டெம்போவில் அவளுக்குக் கிளட்ச்சும் கியரும் சொல்லிக் கொடுத்தேன். கேள்வி கேட்காமல் கற்றுக்கொண்டாள். பாடு தொடங்கிய அன்று கூடை இல்லாமல் வந்தாள். அவளைக் கூடை இல்லாமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, "கையாள் ஏறலாம்" என்றாள். தேசிங்கு தன் சொந்தக் காரில் கையாளாக ஏறினான்.

தலைவர் ஜன்னல் பக்கம் குனிந்தார். "எதுக்கும்மா எடுத்துனு போற? எதுனா சரக்கு ஏத்தணுமா?"

"சும்மா" என்றாள்.

தேசிங்கு அவளைத் திரும்பிப் பார்த்தான். அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

குலுங்கிக் குலுங்கி முதல் கியரிலேயே வண்டி வெட்டவெளிக்குப் போயிற்று. ஆட்கள் சின்னதாகத் தெரிகிற தூரத்தில் நின்றது. இரண்டு கதவும் திறந்தன. இரண்டு பேர் இறங்கி, வண்டியைச் சுற்றி இடம் மாறி நடந்தார்கள். கதவுகள் மூடின. பாடு கை மாறினால் ஊர் அபராதம் போடும். தலைவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

அவர் கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "வெயில்ல ஒண்ணும் தெரியல பாய். உனக்குத் தெரியுதா?"

"தெரியல" என்றேன்.

அங்கே புழுதி எழும்பி ஒரு வட்டம் போட்டது. ஒன்றோடு நிற்கவில்லை, வட்டத்து மேல் வட்டம். எஞ்சின் சத்தத்துக்கு மேலே ஒரு பொம்பளைச் சிரிப்பு கேட்டது. மார்க்கெட்டே அறிந்த குரல், அவ்வளவு தூரத்திலும் தெளிவாகக் கேட்டது. அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்ல இரண்டுதான் இருக்கிறது. பிரேக் டிஸ்க்கில் எண்ணெய் படக்கூடாது. வண்டி வாங்க வருகிறவரிடம் பட்ஜெட் கேளுங்கள், எந்தச் சக்கரம் தள்ள வேண்டும் என்று கேளுங்கள், கியர் கேளுங்கள். எதுக்கு என்று மட்டும் நான் இப்போது யாரிடமும் கேட்பதில்லை.