ஒற்றை டிக்

என் நாத்தனாருக்கு அமையவிருந்த வாழ்க்கையைக் கெடுத்தவள் நான். வலது கையின் கட்டைவிரல் ஒன்றாலேயே கெடுத்தேன். இடது கையில் அப்போது தோசைக் கரண்டி இருந்தது.

இதைக் கணவரிடம் சொன்னதில்லை. சாமியிடமும் சொன்னதில்லை. அதன் பிறகு இரண்டு முறை பழனி மலை ஏறியிருக்கிறேன். சன்னதியில் நின்று பூண்டுக்கு நல்ல விலை கேட்டேனே தவிர, இதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. உங்களிடம் சொல்லத் துணிந்ததற்குக் காரணம் ஒன்றுதான்... நீங்கள் பூங்கொடியைப் பார்க்கப் போவதில்லை.

பூங்கொடி என் கணவரின் தங்கை. கட்டிக்கொடுத்த இரண்டாம் வருடமே புருஷன் வேறொருத்தியோடு போய்விட, ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். கொடைக்கானலுக்கு மேலே, பூண்டு விளைகிற மலைக் கிராமம் எங்களுடையது. வெள்ளனே எழுந்து அடுப்பு மூட்டுவது அவள். மாடு கறப்பது, பூண்டுக்குக் களை எடுப்பது, படுக்கையில் கிடக்கும் என் மாமியாருக்குத் துணி மாற்றுவது எல்லாமே அவள்தான். நான் சுடுதண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்காருவேன், காப்பி வரும். எட்டு வருடங்கள் அப்படித்தான் போயின.

ஒரு நல்ல விளைச்சலுக்குப் பிறகு, கொடைக்கானலில் ஒரு சின்னப் போன் வாங்கினேன். என் பழைய போன் பலகை மாதிரி பெரியது, இரண்டு கையும் வேண்டும். இதுவோ உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். சுவெட்டர் பையில் போட்டால் இருப்பதே தெரியாது. "ஒரு கையாலயே எல்லாச் சோலியும் பாக்கலாங்க மேடம்" என்றார் கடைக்காரர். பொய் சொல்லவில்லை அவர்.

பழைய போனைக் கடையில் மாற்றாமல் பூங்கொடிக்குக் கொடுத்தேன். "எனக்கா மதினி?" என்று கேட்டவள், கையைச் சேலையில் இரண்டு முறை துடைத்த பிறகுதான் வாங்கினாள். ஊரே என் மனசைப் புகழ்ந்தது. நானும் கூச்சமில்லாமல் கேட்டுக்கொண்டேன்.

அவளுக்கு வாட்ஸ்அப் போட்டுக் கொடுத்ததும் நான்தான். அப்போதே அவளுடைய கணக்கை என் புதிய போனிலும் இணைத்துக்கொண்டேன். அவளுக்கு வருவதெல்லாம் எனக்கும் வரும், அவளாக நான் எழுதவும் முடியும். ஏன் அப்படிச் செய்தேன்? வீட்டுப் பெண்ணுக்கு ஒரு பாதுகாப்பு என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதுகாப்பாவது ஒன்றாவது... அடுத்தவள் பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவுகிற ஆசை, அவ்வளவுதான்.

எங்கள் ஊர் பள்ளத்தில் இருக்கிறது. டவர் வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏற வேண்டும். சாயங்காலமானால் பாதி ஊர் அங்கே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும். பூங்கொடியும் வேலை முடிந்த பிறகு ஏறுவாள். ஆனால் என் சின்னப் போனில் போட்டது வேறு கம்பெனி சிம். அடுப்படி ஜன்னலோரம் வைத்தாலே டவர் எடுக்கும். ஆக, அவளுக்கு வருகிற செய்தியை அவளுக்கு முன்பே நான் படித்தேன். அவள் மேடு ஏறி மூச்சு வாங்கிப் பார்ப்பது, நான் பார்த்துச் சலித்ததாக இருக்கும்.

பண்ணைக்காட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போனவள், பஸ்ஸைத் தவறவிட்டு ஒரு ஜீப்பில் வந்தாள். ஓட்டியவர் மாரிமுத்து. மனைவியை இழந்தவர், பிள்ளை இல்லை. அதிலிருந்து அவருடைய செய்திகள் வரத் தொடங்கின. கண்டதையும் எதிர்பார்த்து ஆவலோடு திறந்தேன். "சாப்டியா?" "அங்க மழையா?" "பனி ஜாஸ்தியா கெடக்கு, காதுக்குத் துணி கட்டிக்க." இவ்வளவுதான்! அவளும் "சாப்டேங்க, நீங்க சாப்டீங்களா?" என்பாள். கடைசியில் ஒரு "சரிங்க" போட்டு முடிப்பாள்.

தப்பாக ஏதாவது எழுதியிருந்தால் எனக்கு இத்தனை எரிந்திருக்காது. பதினாறு வருடத்தில் என் புருஷன் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டதே இல்லை. வாழாவெட்டி என்று ஊர் ஒதுக்கியவளைக் கேட்க ஒருவர் இருந்தார்... வயிறு எரிந்தது. அதை ஒளிக்க மாட்டேன்.

அன்று காலையிலிருந்தே மழை. கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு அவள் வயலில் குனிந்திருந்தாள். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது.

"வர்ற வெள்ளிக்கெழம எங்க அக்காவக் கூட்டிக்கிட்டு வந்து உங்க அண்ணன்கிட்ட முறையாக் கேக்குறேன். ஒனக்குச் சம்மதம்னா ஒரு வார்த்த போடு."

ஜன்னல் வழியே பார்த்தேன். அவளுடைய முதுகு தெரிந்தது. இவள் போய்விட்டால் மாட்டை யார் கறப்பது? மாமியாரின் துணியை யார் அலசுவது? அந்த வயலில், அந்த மழையில் நான் குனிய வேண்டும். என் புத்தி போனது அங்கே மட்டும்தான். தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, மறு கையால் எழுதினேன்.

"பொழுது போகலன்னுதாங்க பேசுனேன். ஜீப்பு ஓட்டுறவங்களுக்குக் கழுத்த நீட்டுற அளவுக்கு நான் கெட்டுப் போயிடலங்க. இனிமே எழுதாதீங்க. சரிங்க."

அந்த "சரிங்க"வை மறக்காமல் போட்டேன் பாருங்கள்... அது இல்லாவிட்டால் அவர் நம்பியிருக்க மாட்டார். நீல டிக் உடனே விழுந்தது, படித்துவிட்டார். பிறகு "நல்லாருங்க" என்று ஒரு சொல் வந்தது. அதோடு அவருடைய படமும் மறைந்தது. அவளுடைய எண்ணை பிளாக் செய்துவிட்டார் என்று புரிந்தது. மூன்று செய்திகளையும் அவள் கண்ணுக்குப் படாதபடி அழித்தேன். தோசை கருகவில்லை. அவளுக்கும் இரண்டு எடுத்து வைத்தேன்.

அதற்குப் பிறகு அவள் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நின்றது. கூப்பிட்டாலும் மணி அடிக்கவில்லை.

"போய்ச் சேரவே மாட்டேங்குதே மதினி?" என்றாள்.

"பண்ணைக்காட்டுப் பக்கம் மழைல டவர் விழுந்து கெடக்காம்" என்றேன்.

நம்பினாள். அந்த மாதத்துக்குள் வருவதாக அவர் முன்பே சொல்லியிருந்தார். நாள் தெரியாததால் அவள் தினமும் வாசலை இரண்டு முறை கூட்டினாள். வயலுக்குப் போகும்போதும் நல்ல சேலையைக் கட்டினாள். கீழே ஜீப் சத்தம் கேட்டால் நிமிர்வாள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். அந்த வெள்ளிக்கிழமையும் பார்த்தேன்.

மாதம் முடிந்தது. பூண்டு தரம் பிரித்துக்கொண்டிருந்தபோது போனை என்னிடம் நீட்டினாள்.

"நீங்க படிச்சவுக மதினி. நான் எழுதுனதப் பூராம் பாருங்க. எந்த வார்த்த அவுகளச் சுட்டுச்சுன்னு தெரியல."

அவள் என்னிடம் ஒரு ஆணைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. அந்த இடத்திலாவது நான் உடைந்திருக்கலாம். நீங்களாக இருந்தால் உடைந்திருப்பீர்கள். நான் வாங்கிப் படித்தேன்... ஏற்கெனவே மனப்பாடமாக இருந்ததைப் புதிதாகப் படிப்பதுபோல. பாதியில் நிறுத்தி, ஒரு வரியில் விரலை வைத்தேன். "எப்ப வருவீங்க?" என்று அவள் கேட்டிருந்த வரி.

"இதுதான். ஒரு பொம்பள இப்பிடியா கேப்பா? அலையுறான்னு நெனச்சிருப்பாரு."

"ஒரே ஒரு தடவதான் மதினி கேட்டேன்."

"ஒரு தடவ போதாதா?"

அவள் அந்த வரியையே வெகுநேரம் பார்த்தாள். "சரிங்க" என்றாள். பிறகு பூண்டைப் பிரிக்க உட்கார்ந்தாள். அவளைத் தள்ளிவிட்டது முதல் குற்றம். விழுந்ததற்கு அவள்தான் காரணம் என்று அவளையே நம்ப வைத்தது... அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு மார்கழி போய்விட்டது. மாரிமுத்து இன்னும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேள்வி. அவருடைய எண் எனக்கு மனப்பாடம். ஒரே ஒரு முறை கூப்பிட்டுச் சொன்னால் போதும். சொல்லவில்லை. இதை எழுதி முடித்த பிறகும் சொல்வேனா? மாடு கறக்க வேண்டியிருக்கிறதே...

இன்று காலை அவள் மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். "ஒங்க சின்னப் போனு எங்க நின்னாலும் டவர் எடுக்குதே மதினி. ஒரு தடவ குடுக்கிறீகளா, ஒரே ஒரு மெசேஜ் மட்டும்?"

"சார்ஜ் இல்ல" என்றேன்.

"சரிங்க மதினி" என்று பால் வாளியை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போனாள். போன் என் சுவெட்டர் பையில்தான் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். மேட்டில் நின்று அவள் அனுப்பியது வந்திருந்தது.

"இனிமே எப்ப வருவீங்கன்னு கேக்க மாட்டேங்க. சாப்டீங்களா?"

ஒற்றை டிக். படித்தவள் நான் மட்டும்தான்.