ஏழுமலை அண்ணாவின் ‘சரிங்க சார்’

ஏழுமலை அண்ணா இறந்துவிட்டார். இன்று காலை செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில், மாமல்லபுரம் பஸ்ஸுக்காக நின்றபோது நெஞ்சுவலி...

போன வருடம் வரை எங்கள் பள்ளியில் ஆபீஸ் அசிஸ்டென்ட். மணி அடிப்பது, மோட்டார் போடுவது எல்லாம் அவர்தான்.

ஆண்டு விழாவுக்காக ஒரு குறும்படம் எடுத்தோம். கதை, வசனம் நான். பொய்க் கணக்கில் கையெழுத்துப் போடாத ஒரு கிளார்க்கின் கதை.

கிளார்க்காக நடித்தது ஏழுமலை அண்ணா. அதிகாரி பைலை நீட்டியதும் “மாட்டேன் சார்” என்று சொல்ல வேண்டும். ஒரே வசனம்.

ஏழு டேக். ஏழிலும் “சரிங்க சார்” என்றார்.

“அண்ணா, மாட்டேன்னு சொல்லணும்.”

“தெரியுது பாப்பா. வாய் அதுவா சொல்லிடுது, நான் இன்னா பண்ணட்டும்? பேசாம இத்த தூக்கிடேன்.”

அதிகாரியாக நடித்த திவ்யா சிரித்த சிரிப்பில் ஒட்டுமீசை கழன்று பைல் மேல் விழுந்தது.

எட்டாவது டேக்கில் வசனத்தைத் தூக்கிவிட்டேன். அண்ணா பைலைப் பார்த்தார். பேனாவை மூடி மேசையில் வைத்தார். நடந்து போனார். படம் முடிந்தது.

ஒரு வாரம் கழித்து, அட்டெண்டென்ஸ் வைக்க ஆபீஸுக்குப் போனேன். எங்களுக்குப் புது டாய்லெட் கட்டிய கான்ட்ராக்டர் உட்கார்ந்திருந்தார். அந்த டாய்லெட்டுக்குப் பைப் லைனே கிடையாது. மோட்டார் போடுபவர் என்பதால், ‘தண்ணீர் வருகிறது’ என்று அண்ணா கையெழுத்துப் போட வேண்டுமாம்.

“இன்னா ஏழுமலை, மூணு நாளா சரிங்க சரிங்கன்னு சொல்லிகினே கீற. கையெழுத்தக் காணோமே?”

“சரிங்க சார்” என்றார் அண்ணா. பேனாவை மூடி மேசையில் வைத்தார். மணி அடிக்கப் போய்விட்டார்.

இன்டர்வெல்லுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அன்று பள்ளி முழுக்க சீக்கிரமே வெளியே வந்துவிட்டது.

அடுத்த மாதம் அவருக்கு மாமல்லபுரம் பக்கம் மாற்றல். அச்சரப்பாக்கத்து வீட்டிலிருந்து தினமும் இரண்டு பஸ்.

அந்தப் பேப்பரில் வேறு யாரோ கையெழுத்துப் போட்டார்கள். ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்து, டாய்லெட்டைப் பூட்டிவிட்டார்கள். நாங்கள் இன்றும் சாயங்காலம் வரை தண்ணீர் குடிப்பதில்லை.

விழாவுக்கு முந்தின நாள், நிகழ்ச்சிகளைக் கவனித்துக்கொண்ட மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “அந்தப் பேனா சீனை மட்டும் எடுத்துடும்மா. எனக்கும் வேலை வேணும்.”

எடுத்துவிட்டேன். படம் ஏன் பாதியில் நிற்கிறது என்று யாருக்கும் புரியவில்லை. கை தட்டினார்கள்.

இன்று அப்பா என் போனை எட்டிப் பார்த்தார். “போட்டோவப் போட்டு ஆர்.ஐ.பி.ன்னு மட்டும் எழுது. இன்னும் ஒரு வருசம் நீ அங்கதான் படிக்கணும்.”

“சரிப்பா” என்றேன்.

எட்டாவது டேக் இந்தப் பதிவுக்குக் கீழே இருக்கிறது.

போய் வாருங்கள், அண்ணா.