கீழ்வீட்டுக்குக் கேட்ட அழுகை

மேல்வீட்டுக்காரிக்கு நான் வைத்த பெயர் மைக்செட். பள்ளிச் சீருடை தைப்பவள். மாடியில் நின்று அவள் பிள்ளைகளைக் கூப்பிட்டால் தெருமுனையில் போகிற பஸ் நின்று பார்க்கும். வேன் ஓட்டுகிற புருஷன், கூடவே இருக்கும் கொழுந்தன், வால் முளைக்காத குறையாய் இரண்டு பெண்கள், நாள் முழுக்கத் தையல் மெஷின். ரொட்டி பேக்டரியில் இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிற என்னைப் போன்றவனுக்கு அந்த வீட்டின் கீழே குடியிருப்பது போன ஜென்மத்துப் பாவம். எத்தனையோ தடவை மேலே போய்க் கத்தியிருக்கிறேன். "எங்களவிட நீங்கதாண்ணே சத்தம் போடுறீங்க" என்று சிரிப்பாள்.

மூன்றாவது குழந்தை ஆறு மாதம் முடிந்ததுமே பிறந்துவிட்டது. உள்ளங்கையில் அடங்குகிற பெண். ஆஸ்பத்திரியில் பல வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். இதயத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆபரேஷன் செய்து பிழைக்க வைத்தார்கள். அதில் குரலுக்குப் போகிற நரம்பு சோர்ந்துபோனது. வீட்டுக்கு வந்தபோது மூக்கில் பால் குழாய். அழுதால் முகம் சிவக்கும், சத்தம் வராது. மைக்செட்டுக்குப் போய் இப்படி ஒரு பிள்ளை. கடவுளுக்கு இந்த நக்கல் தேவையா என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

"குரல் திரும்புனா உடனே சொல்லுங்க. அதுவரைக்கும் வாய் வழியா ஒரு சொட்டு குடுக்கக் கூடாது, நுரையீரலுக்குள்ள போயிடும்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

சத்தமில்லாமல் அழுகிற குழந்தையை யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வேன்காரர் இரண்டு சவாரிக்கு நடுவே ஓடி வருவார். கொழுந்தன் குழந்தை பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுவான். மைக்செட் அவளைத் துணிக்கூடையில் படுக்கவைத்து, முகத்தைப் பார்த்தபடியே தைத்தாள். ஒரு பையனின் கால்சட்டைக்கு இரண்டு பையும் ஒரே பக்கம் வந்துவிட்டது. குழந்தையின் மூச்சு காதில் விழவேண்டும் என்று வீடே கிசுகிசுத்தது. நான் வருஷக்கணக்கில் கேட்ட அமைதி கிடைத்தது, என் தூக்கம் போனது. மேலே எல்லாம் சரியாக இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பேன்.

ஒரு மத்தியானம் எப்படியோ அசந்துவிட்டேன். கரகரவென்று ஓர் அழுகை எழுப்பியது. பழக்க தோஷம், தடதடவென்று மாடியேறி, "மனுஷன் தூங்க வேணாமா?" என்று கத்தினேன்.

மைக்செட் குழந்தையோடு ஓடி வந்தாள். "அண்ணே, என்ன கேட்டுச்சு?"

"குழந்தை அழுகுற சத்தம்தான், வேற என்ன?" சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

"ரெண்டு நாளா எனக்கும் கேக்குது அண்ணே. இவரு நம்ப மாட்டேங்குறாரு."

அப்போதுதான் சவாரி முடித்து வந்த வேன்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "ஆசைப்பட்டுட்டு அப்புறம் இல்லன்னு ஆனா இவ தாங்க மாட்டா அண்ணே."

"கீழ போங்க. கதவச் சாத்திக்கிட்டு கேளுங்க" என்று அவள் என்னை விரட்டினாள். போய்க் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தினேன். குழந்தைக்குப் பசி போல, மறுபடி ஆரம்பித்தாள். படியில் பாதி ஏறும்போதே, "கேக்குதும்மா! நல்லாவே கேக்குது!" என்று கத்தினேன்.

அவள் டாக்டருக்குப் போன் போட்டு என் கையில் திணித்தாள். எனக்கு வாயில் வந்தது இதுதான்: "நான் கீழ்வீட்டுக்காரன் பேசுறேன் டாக்டர். இந்தக் குழந்தையால தூங்க முடியல."

டாக்டர் சிரித்துவிட்டார். "இப்பவே தூக்கிட்டு வரச் சொல்லுங்க."

தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். குரல்நாண் அசைந்தது. பால் சரியான வழியில் இறங்குகிறதா என்று படமும் எடுத்தார்கள். குழாய் இன்னும் சில வாரம் இருக்கட்டும், கரண்டியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கலாம் என்று அனுப்பிவைத்தார்கள். அன்றைக்குத்தான் எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது.

வீட்டில் முதல் கரண்டி கொடுக்கும்போது என்னையும் கூப்பிட்டாள். யாரும் மூச்சுவிடவில்லை. பால் உள்ளே போனது. இருமல் இல்லை. கரண்டியை எடுத்ததும் குட்டி முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு கத்து கத்தினாள் பாருங்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாருங்கண்ணே, கேட்டு வாங்கிக் குடிக்கிறா" என்றாள் அம்மாக்காரி, இரண்டாவது கரண்டியை நிரப்பிக்கொண்டே.