டைமர் செய்த தப்பு, பழி மேரி அக்கா மேல்

மலேசியாவின் ஸ்கூடாய் நகரில் நெட்வொர்க் கருவிகளுக்கு டிரைவர் மென்பொருள் எழுதுகிறேன். பக்கத்து ஊரான பெர்மாஸ் ஜெயாவில், எங்கள் வாடிக்கையாளர் ஆபீசில் டெக்னீஷியனாக இருக்கும் மேரி அக்கா எங்கள் நெட்வொர்க் அடாப்டரைக் கணினியிலிருந்து கழற்றினால், சில சமயம் கணினியே முடங்கிவிடும். "அவங்களுக்குக் கழட்டத் தெரியல லா" என்று என் பாஸ் மேரி அக்காவின் மேனேஜரிடமே சொல்லிவிட்டார்.

நிரலைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கழற்றியவுடன் எங்கள் டிரைவர் தான் பிடித்துவைத்திருந்த நினைவகத்தை விடுவித்துவிடுகிறது. டிரைவருக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் டைமரோ அதே இடத்தைத் தொடப்போய் எல்லாவற்றையும் கவிழ்க்கிறது.

"ஒரு டிலே போட்டு அனுப்பிடு" என்றார் பாஸ். அந்தத் தாமதம் தப்பை ஒளிக்கும், தீர்க்காது. டைமர் முழுதாக நின்றபிறகே நினைவகத்தை விடுவிக்கும்படி திருத்திவிட்டு, மேரி அக்காவுக்குப் போன் செய்தேன்.

"தப்பு எங்க டிரைவர்லதான், அக்கா."

"இருங்க தம்பி, மேனேஜர் பக்கத்துலதான் இருக்காரு. ஸ்பீக்கர்ல போடுறேன், திரும்பச் சொல்லுங்க."

சொன்னேன், பக்கத்து மேசையில் இருந்த என் பாஸுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே.