பரிசீலிக்கப்படும் என்று எழுதியிருந்தது

பகல் பன்னிரண்டரை மணிக்கு எஸ்தர் அக்கா போன் செய்தார். "வசந்தா, ஜெனரேட்டர் யார்கிட்ட கீது, தெரியுமா? கரண்ட் போயி அர மணி நேரம் ஆவுது. ஐஸ் பொட்டி நின்னுடுச்சு" என்றார். யாருக்கு ஐஸ் பெட்டி என்று நான் கேட்பதற்குள் அழுதுவிட்டார். அவருடைய கணவர் சாமுவேல் அண்ணன் காலமான செய்தி எனக்கு இப்படித்தான் வந்தது.

ஊரிகத்தில், சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றான அவர்களுடைய லைன் வீட்டின் பின்கதவைத் திறந்தால் வேலிக்கு அப்பால் சோலார் தகடுகள், கண் கூசும் அளவுக்கு. அந்த உச்சி வெயிலிலும் அவை மின்சாரம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தன, வேறு யாருக்கோ. நாங்கள் பங்காருபேட்டையிலிருந்து ஜெனரேட்டர் வரக் காத்திருந்தோம்.

அவரை அறிந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் பூமிக்கடியில் எலக்ட்ரீஷியன். மூடிய பிறகு தினமும் ரயிலேறி பெங்களூருக்குப் போய் அடுக்குமாடிக் கட்டிடங்களுக்கு வயரிங் செய்தவர். 'கரண்ட்' சாமுவேல் என்றால்தான் பலருக்குத் தெரியும். எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு அவர் செயலாளர். கன்னடம் சரளமாகப் பேசுவார், எழுத வராது. நகராட்சியில் தட்டச்சராக இருந்து ஓய்வுபெற்ற நான் மனு எழுதுவேன், அவர் பேசுவார். பல வருடங்கள் இப்படியே அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினோம்.

முதலில் அவர் கேட்டது மிகச் சிறியது. அரசு மானியத்தில் எங்கள் வீட்டுக் கூரைகளில் சோலார் போட்டுத் தர வேண்டும், அவ்வளவுதான். கரண்ட் ஆபீஸில் அதிகாரி பத்திரம் கேட்டார். எங்களிடம் ஏது பத்திரம்? வீடுகள் மூடிப்போன கம்பெனியின் பெயரில் இருக்கின்றன. "கூரை உங்களுடையது இல்லையே" என்றார் அதிகாரி. அண்ணன் கன்னடத்தில் அமைதியாகக் கேட்டார்: "மூன்று தலைமுறையாக அந்தக் கூரையிலிருந்து ஒழுகுகிற தண்ணீர் மட்டும் எங்களுடையதா சார்?" அதிகாரி சிரித்துவிட்டு மனுவைத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த வருடமே பெரிய திட்டம் வந்தது. எங்கள் லைனுக்குப் பின்னால், பாலகாட் பக்கம் சும்மா கிடந்த நிலத்தில் ஒரு கம்பெனி சோலார் பண்ணை அமைக்கப் போவதாகச் சொன்னார்கள். அது நாங்கள் நடந்து போய்வந்த நிலம் என்பதால் சங்கத்தின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. அதை வாங்கித்தர வந்தவர் எங்கள் தலைவர். பெயர் வேண்டாம். பக்கத்து லைனில் பிறந்து, அரசியலில் பெரிய ஆளானவர். "மொத கரண்ட் நம்ம லைனுக்கு, மொத வேல நம்ம புள்ளைங்களுக்கு. இது என் வாக்கு" என்று மைக்கில் சொன்னார்.

அண்ணன் நம்பினார். வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். "பூமிக்குக் கீழ இருந்து வந்தது எல்லாம் எங்கியோ போச்சு. மேல இருந்து வர்றதுலயாவது நமக்குக் கொஞ்சம் வரட்டும்" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னார்.

கம்பெனி கொடுத்த கன்னட ஒப்பந்தத்தை நான்தான் படித்தேன். குடியிருப்புகளுக்கு மின்சாரம் வழங்குவது பரிசீலிக்கப்படும், உள்ளூர் மக்களுக்கு வேலை அளிப்பது பரிசீலிக்கப்படும். இரண்டே வரி. "அண்ணா, தருவோம்னு எங்கியும் இல்ல" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. இருவரும் தலைவர் வீட்டுக்குப் போனோம். தலைவர் அவர் தோளில் கை போட்டுக்கொண்டார். "இன்னாண்ணே, எங்கப்பாவும் நீங்களும் ஒரே கேஜ்ல சுரங்கத்துக்குள்ள எறங்கினவங்க. உங்கள ஏமாத்துவனா? பேப்பர்ல அப்படித்தான் எழுதுவாங்க."

 திரும்பி வரும்போது அண்ணன், "அப்பன் பேர சொல்லிட்டாம்மா" என்றார். மறுநாள் கையெழுத்துப் போட்டார்.

பண்ணை எழுந்தது. மின்கோபுரங்கள் எங்கள் லைனைத் தாண்டிப் போயின, ஒரு கம்பிகூட எங்களுக்காக இறங்கவில்லை. எங்கள் பிள்ளைகள் சிலர் ஒப்பந்தக்காரரிடம் புல் வெட்டினார்கள், தகடு கழுவினார்கள். சில மாதங்களில் அதற்கும் வெளியாட்கள் வந்தார்கள். ரயில் நிலையத்துக்குப் போகும் குறுக்குவழியை வேலி மூடிவிட்டது. அண்ணன் கம்பெனிக்குப் போனால் அரசாங்கத்தைக் கேளுங்கள் என்றார்கள். அரசு அலுவலகத்துக்குப் போனால் கம்பெனியைக் கேளுங்கள் என்றார்கள். தலைவரின் உதவியாளர் மட்டும் உண்மையைச் சொன்னார்: "எழுத்துல இல்லியே அண்ணே."

அதற்குப் பிறகு நடந்த சங்கக் கூட்டத்தை என்னால் மறக்க முடியாது. "எவ்ளோ வாங்கினே சாமுவேலு?" என்று கேட்டார்கள். கேட்டவர்களில் அவர் கையால் இலவசமாக வயரிங் செய்துகொண்டவர்களும் உண்டு. அவர் எழுந்து, "நான்தான் கையெழுத்து போடச் சொன்னேன். நம்பிச் சொன்னேன். ஒண்ணும் வாங்கல" என்றார். யாரும் நம்பவில்லை. அவர் தலைவரிடம் போய்க் கேட்டதையும், தலைவர் தன் வீட்டில் வைத்துக் கொடுத்த வாக்கையும் நேரில் பார்த்த ஒரே ஆள் நான். நகராட்சியில் என் மகனுக்கு ஒரு தற்காலிக வேலை தலைவர் கையில் இருந்தது. நான் வாய் திறக்கவில்லை. செயலாளர் பதவியை அன்றே பிடுங்கிக்கொண்டார்கள்.

ஒரு வாரம் கழித்து அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்பார் என்று எதிர்பார்த்தேன்.  "நீங்க படிச்சி சொன்னீங்க, நான் கேக்கல. அது என் தப்பு. ஆனா அன்னிக்கி நீங்க பேசாம இருந்தீங்களே, அது தப்புதாம்மா" என்றார். பிறகு எஸ்தர் அக்காவைக் கூப்பிட்டு எனக்கு டீ போடச் சொன்னார். தொடர்ந்து பேசினார், பழகினார். அந்தச் சொல்லை மட்டும் கடைசிவரை திரும்பப் பெறவில்லை.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்துக்குத் தலைவர் மலர்வளையத்தோடு வந்தார். "இந்தச் சோலார் திட்டத்துக்கே தந்தை எங்க சாமுவேல் அண்ணன்" என்று பேசினார். எஸ்தர் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் முன்னால் போய் நின்றேன்.  "உங்க வீட்டு வாசல்ல நானும் இருந்தேன். 'உங்கள ஏமாத்துவனா'ன்னு கேட்டீங்க. இவரு யாருகிட்டயும் ஒண்ணும் வாங்கல. உங்க வாக்க மட்டும்தான் வாங்கினாரு" என்றேன். தலைவர் போனைப் பார்த்தபடி காருக்கு நடந்தார். "சாவுல எதுக்கும்மா இதெல்லாம்?" என்று பின்னாலிருந்து ஒருவர் முணுமுணுத்தார். அன்று சங்கக் கூட்டத்தில் அண்ணனைத் திட்டிய சிலர் தலை குனிந்து நின்றார்கள். இரண்டு வருடம் தாமதமாக வந்த சாட்சி. கேட்க வேண்டியவர் பெட்டிக்குள் இருந்தார்.

அவர் நினைவாக ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்கிறார்கள்: உழைப்பு, பொறுமை, நல்ல குணம். எல்லாம் உண்மைதான். நான் எனக்கென்று வைத்துக்கொள்வது, டீ கொடுப்பதற்கு முன்னால் அவர் சொன்ன அந்த 'தப்புதாம்மா'. ஏமாற்றியவர்கள் யாரும் தங்களைப் பார்த்து அதைச் சொல்லிக்கொள்ளப் போவதில்லை. எனக்காவது அது இருக்கட்டும்.